குழந்தை ஏன் கத்துகிறது? நடத்தைப் பகுப்பாய்வின் அடிப்படைகள், வீட்டில் இருப்பவர்களுக்காக

குழந்தை ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டால் நம் வீடுகளில் பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு, அப்படியே அப்பாவோட பிடிவாதம், கண்ணு பட்டிருக்கும், ஓயாமல் போன் பார்க்கவிட்டால் இப்படித்தான். சொல்பவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் எதை வைத்தும் நாளைக் காலையில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. பிடிவாதம் என்றே வைத்துக்கொள்வோம், சரி, அப்புறம்?

நடத்தைப் பகுப்பாய்வு இந்த இடத்தில் வேறு பாதையில் போகிறது. குழந்தை எப்படிப்பட்டது என்ற விசாரணையை ஓரமாக வைத்துவிட்டு, கத்துவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, கத்திய உடனே என்ன நடந்தது என்று கேட்கிறது. இந்தத் துறையின் சொற்கள் எல்லாமே அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் முளைத்தவை.

சிங்கப்பூரில் தமிழ்ப் பெற்றோர் பலர் இதைக் கேள்விப்படுவது பிள்ளைக்கு இரண்டு, மூன்று வயதாகும்போது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பலதுறை மருந்தகத்தில் சொல்ல, அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். மதியிறுக்கம் (ஆட்டிசம்) என்று முடிவானால் ‘எய்பிக்’ எனப்படும், ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டத்தில் சேர்ப்பதற்கான ஏற்பாடு தொடங்கும். காத்திருக்கும் நேரத்தில் தனியார் நிலையங்களையும் விசாரிப்பார்கள். அங்கே ‘ஏபிஏ’, அதாவது பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்ற பெயர் வந்துவிடும். கூடவே ஓர் அறிக்கையும் கைக்கு வரும்: ‘எஸ்கேப் மெயின்டெய்ன்ட்’, ‘பிராம்ட் டிபெண்டன்ட்’, ‘எக்ஸ்டிங்ஷன் பிளான்’. அம்மாவும் அப்பாவும் அதைக் கூகல் பண்ணிப் புரிந்துகொள்வார்கள். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிற பாட்டிக்கு யார் சொல்வது? பாட்டிக்குப் புரியாத திட்டம் அந்த வீட்டில் நடக்காது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதத் தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ஏபிஏ மதியிறுக்கத்துக்கான மருந்து இல்லை. பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்பது மனிதர்களின் நடத்தை எப்படிக் கற்கப்படுகிறது, எப்படி மாறுகிறது என்ற பொதுவான அறிவியலின் செயல்முறைப் பிரிவு. வகுப்பறை, தொழிற்சாலைப் பாதுகாப்பு, புகைப்பழக்கத்தை நிறுத்துவது என்று பல இடங்களில் அது பயன்படுகிறது. மதியிறுக்கத்தில்தான் அதிகம் பேசப்படுகிறது, அதிகம் சர்ச்சைக்கும் உள்ளாகியிருக்கிறது. அந்தச் சர்ச்சையைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்தார். கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும், வெளியே சாப்பாடு. முதலில் பூனை கண்டபடி பிறாண்டும், தற்செயலாகக் கதவு திறந்துகொள்ளும். திரும்பத் திரும்ப அடைத்தபோது பலன் தந்த அசைவு மேலும் மேலும் சீக்கிரம் வந்தது, பலன் தராதவை உதிர்ந்துபோயின. பின்னாளில் விளைவு விதி என்று பெயர் பெற்றது இதுதான். பி. எஃப். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு முழு அறிவியலாக விரித்தார். ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் அது வந்தது 1950களின் கடைசியிலும் அறுபதுகளிலும். 1968இல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கியபோது, அதன் முதல் இதழில் டொனால்ட் பேயர், மாண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவரும் இந்தத் துறைக்கு ஏழு இலக்கணங்களை வகுத்தார்கள். பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள மூன்று போதும் என்பது என் எண்ணம். எடுத்துக்கொள்ளும் நடத்தை அந்த மனிதரின் வாழ்க்கைக்கு உண்மையிலேயே முக்கியமானதாக இருக்க வேண்டும். வரும் மாற்றம் வாழ்க்கையில் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கற்றது பயிற்சி அறைக்கு வெளியேயும் நிலைக்க வேண்டும். ஒரு நிலையம் நல்லதா என்று பார்க்க இந்த மூன்றையும்விடக் கூர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

சரி, நடத்தை என்றால் என்ன? பார்க்கவோ கேட்கவோ எண்ணிக் கணக்கிடவோ முடிகிற செயல். ‘அடம்பிடிக்கிறான்’ என்பது நம்முடைய தீர்ப்பு. ‘தரையில் படுத்து, காலை உதைத்து, மூன்று நிமிடம் அழுதான்’ என்பதுதான் நடத்தை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே எண்ணிக்கை வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. ஆக்டன் லிண்ட்ஸ்லி என்ற ஆய்வாளர் இன்னொரு சோதனையும் சொன்னார்: பிணத்தால் செய்ய முடிகிற எதுவும் நடத்தை ஆகாது. கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் இதை வைத்துப் பார்த்தால் நாம் பிள்ளைகளுக்கு வைக்கிற இலக்குகளில் பாதி தேறாது. கத்தாமல் இருக்க வேண்டும், ஓடாமல் இருக்க வேண்டும், சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவற்றில் குழந்தை எதையுமே கற்றுக்கொள்வதில்லை. ‘உதவி வேண்டும்போது அட்டையைக் கொடுப்பான்’, ‘கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பான்’ என்று எழுதினால்தான் சொல்லிக்கொடுக்க ஒரு பொருள் கிடைக்கிறது.

இப்போது அந்த இரண்டு கேள்விகள். முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவது இந்தத் துறையின் அன்றாட வேலை. செங்காங்கில் நான்கு வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம், கவின் என்று கூப்பிடுவோம். பேச்சு இன்னும் வரவில்லை. அவன் கத்துவதை அம்மா ஒரு வாரம் போனில் குறித்துவைக்கிறார்.

திங்கள் மாலை. அம்மா எழுத்துப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைக்கிறார். கவின் புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான். “சரி சரி, அப்புறம் பார்க்கலாம்” என்று அம்மா புத்தகத்தை மூடுகிறார். செவ்வாய். அம்மா அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கத்துகிறான். “என்னடா கண்ணு, என்ன வேணும்” என்று பேச்சை நிறுத்திவிட்டு ஓடிவருகிறார். புதன். பாட்டி சாப்பிடும் நேரம் என்று ஐபேடை வாங்கி அலமாரி மேல் வைக்கிறார். கத்துகிறான். இரண்டு நிமிடம் பொறுத்த பாட்டி, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வியாழன். அறையில் யாருமே இல்லை. மின்விசிறியைப் பார்த்தபடி நீளமாக ஓர் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கிறான். யாரும் வரவுமில்லை, அவன் யாரையும் தேடவுமில்லை.

கேட்பவர் காதுக்கு நான்கும் ஒரே கத்தல்தான். ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, பிடிக்காததிலிருந்து தப்பிப்பது (அறிக்கையில் ‘எஸ்கேப்’ என்று வருவது). இரண்டாவது, கவனத்தை ஈர்ப்பது. மூன்றாவது, பொருளைப் பெறுவது. நான்காவதில் அந்த ஒலியும் அது தரும் உணர்வுமே பலன். மற்றவர்களுக்கு அதில் பங்கு இல்லை. நடத்தையின் பயன் என்று இதைச் சொல்வார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளிடம் இந்தப் பயன்களைச் சோதனை முறையில் பிரித்தறிய முடியும் என்று பிரையன் இவாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் காட்டினார்கள். அதற்கு முன்பு எந்தச் சிகிச்சை எந்த நடத்தையைக் குறைக்கிறது என்பதுதான் பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகு, முதலில் காரணத்தைக் கண்டுபிடி, பிறகு கை வை என்ற ஒழுங்கு வந்தது. இந்தத் துறை செய்த மிகப் பெரிய நல்ல காரியம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஏன் இது அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு கத்தலுக்கு மருந்தாவது இன்னொரு கத்தலுக்குத் தீனியாகிவிடும். கத்தினால் மூலையில் உட்கார வைப்பது என்று வீட்டில் முடிவெடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக் கத்தலுக்கு அது பலிக்கலாம், அவனுக்கு வேண்டிய கவனம் கிடைக்காமல் போகிறதே. திங்கட்கிழமைக் கத்தலுக்கோ அதே மூலை பரிசு. புத்தகம் போய்விட்டது, நிம்மதியாக உட்காரலாம். அடுத்த திங்கள் இன்னும் சீக்கிரம் கத்துவான். ‘நாங்களும் எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், எதுவும் வேலைக்காகவில்லை’ என்று சொல்லும் வீடுகளில் பலமுறை நடந்திருப்பது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று புதிதாக வந்த கத்தலோ தலையை முட்டிக்கொள்வதோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் எதையும் சொல்லத் தெரியாத குழந்தை அதைத் தலையால்தான் சொல்லும். கட்டம் போட்டு எழுதுவதெல்லாம் அப்புறம்.

பின்விளைவால் ஒரு நடத்தை கூடினால் அதற்குப் பெயர் வலுவூட்டல். இங்கே நேர்மறை, எதிர்மறை என்ற இரண்டு அடைமொழிகள் எல்லாரையும் குழப்பும். அவை நல்லது, கெட்டது பற்றியவை அல்ல. ஏதோ ஒன்று வந்து சேர்ந்து நடத்தை கூடினால் நேர்மறை. ஏதோ ஒன்று விலகி நடத்தை கூடினால் எதிர்மறை. ஐபேட் கிடைத்தது நேர்மறை வலுவூட்டல். புத்தகம் விலகியது எதிர்மறை வலுவூட்டல். தண்டனை என்றால் பின்விளைவால் நடத்தை குறைவது. அதிலும் இந்த இரண்டு வகை உண்டு.

சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். 2015இல் சுகாதார மேம்பாட்டு வாரியம் தொடங்கிய தேசிய நடைச் சவாலில் நடந்த அடிகளுக்குப் புள்ளி, புள்ளிகளுக்குப் பற்றுச்சீட்டு. இதை டோக்கன் முறை என்பார்கள். 1960களில் அமெரிக்காவின் இலினோய் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளோடு சோதித்து வளர்த்த அதே முறைதான், நம் கைக்கடிகாரத்துக்கு வந்திருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது ஐந்து காசு கொடுக்க வேண்டும். பை எடுப்பது அதனால் குறைந்தால், கையிலிருந்து ஒன்று போவதால் குறைகிறது என்பதால் அது எதிர்மறைத் தண்டனை. உணவங்காடியில் தட்டைத் திருப்பிவைக்காவிட்டால் நடவடிக்கை என்று 2021 செப்டம்பரில் வந்தது பின்விளைவு. அதோடு கண்ணில் படும் இடங்களில் தட்டு வைக்கும் அடுக்குகளும் இருந்தது முன்நிகழ்வு ஏற்பாடு. தட்டை எங்கே வைப்பது என்றே தெரியாதவருக்கு அபராதம் எதையும் கற்றுத் தராது. வீட்டிலும் அப்படித்தான். அலமாரி மேல் ஐபேட் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா, ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று காட்ட ஒரு மணற்கடிகாரம் இருக்கிறதா, சாப்பாட்டுக்குப் பிறகு ஐபேட் என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து இவற்றை மாற்றினாலே பாதிக் கத்தல் பிறக்காமலே போய்விடலாம்.

வலுவூட்டுவது எது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய முடியாது. பாட்டி வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு முறுக்கு அந்த மாலையில் எதையும் வலுவூட்டாது. தூக்கம் கெட்ட நாளில் மிகச் சின்ன வேலையும் தாங்க முடியாததாகிவிடும், தப்பிக்கிற கத்தல் கூடும். இப்படி ஒரு பலனின் மதிப்பைத் தற்காலிகமாக ஏற்றி இறக்கும் நிலைமைகளை ஊக்க நிலைகள் என்பார்கள். ‘நேற்று செய்தானே, இன்றைக்கு ஏன் செய்யவில்லை’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கும்.

தண்டனை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரோத்தான், அதாவது பிரம்பு, பல வீடுகளில் இன்னும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அடித்தால் கத்தல் நிற்கிறதே என்பார்கள். அந்த நொடியில் நிற்பது உண்மை. அங்கேதான் பொறி. பிள்ளை அடங்கிய அந்த நொடியில் பெரியவருக்கு இரைச்சல் விலகுகிறது. அதாவது அடித்தவருடைய கைக்கு எதிர்மறை வலுவூட்டல் கிடைக்கிறது. அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் ஓங்கும். பிள்ளை பக்கமோ, கத்துவதற்குப் பதிலாக என்ன செய்வது என்பது இன்னும் தெரியவில்லை. புத்தகம் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாத குழந்தையிடமிருந்து கடைசியாக இருந்த ஒரே வழியையும் பிடுங்கிக்கொண்டோம். பயம் மட்டும் மிச்சம். அடி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரக்கம் ஒரு காரணம், ஆனால் அது எதையும் கற்றுத்தரவில்லை என்பதே பெரிய காரணம்.

வலுவூட்டிக்கொண்டிருந்த பலனை நிறுத்தினால் நடத்தை மெல்லத் தேய்ந்து மறையும். அறிக்கையில் ‘எக்ஸ்டிங்ஷன்’ என்று வருவது இதுதான், அணைதல் என்று சொல்லலாம். ‘கண்டுக்காம விடுங்க, தானா அடங்கும்’ என்ற அறிவுரையின் வேர் இதுதான், அரைகுறையாகப் பிடுங்கிய வேர். முதல் சிக்கல், கண்டுகொள்ளாமல் விடுவது கவனத்துக்காகக் கத்துபவனுக்கு மட்டும்தான் அணைதல். இரண்டாவது, பலன் நின்றதும் நடத்தை குறைவதற்கு முன் பெரும்பாலும் ஏறும். இன்னும் சத்தமாக, இன்னும் நேரமாக, சில சமயம் கைகால் வீச்சோடு. இந்த வெடிப்பைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் ஐபேடைக் கொடுத்துவிடுவார். அப்போது அவன் கற்றது: பத்து நிமிடம் கத்த வேண்டும். அதிலும் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது என்றால் நடத்தை இன்னும் கெட்டிப்படும். எப்போதாவது பலன் தருகிற நடத்தைதான் அணைவதற்கு அதிக நாள் பிடிக்கும். நான்கு நம்பர் லாட்டரிச் சீட்டு வாங்குபவர்கள் வாரா வாரம் வரிசையில் நிற்பதும் இதனால்தான்.

ஆகவே அணைதலைத் தனியாக யாராவது பரிந்துரைத்தால் தயங்குங்கள். அதே பலனைத் தருகிற வேறொரு வழியைக் கூடவே கற்றுக்கொடுக்க வேண்டும். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் செய்த ஆய்வு இதற்கு அடையாளம். வகுப்பில் கடினமான பாடம் வரும்போது முரண்டுபிடித்த பிள்ளைகளுக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள்; கவனம் தேவைப்பட்டவர்களுக்கு ‘நான் நல்லாச் செய்கிறேனா’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாக்கியத்தைக் கற்றபோது முரண்டு குறைந்தது, பொருந்தாததைக் கற்றபோது குறையவில்லை. கவினுக்கும் இதுதான். திங்கட்கிழமைக்கு ‘போதும்’ என்று ஓர் அட்டை. அதைக் கொடுத்தால் புத்தகத்தை உடனே மூட வேண்டும், முதல் சில வாரம் ஒவ்வொரு முறையும். ‘அப்போ படிக்கவே மாட்டானே’ என்று பாட்டி கேட்பார், நியாயமான கேள்விதான். அட்டை உறுதியான பிறகு, ‘இன்னும் ஒரு பக்கம், அப்புறம் போதும்’ என்று மெல்ல நீட்டலாம். கத்தல் திரும்ப வந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள்.

கற்பிக்கும் முறைகளுக்கு வருவோம். நம் வீடுகளில் நடப்பதை வைத்தே பார்க்கலாம்: ஊட்டிவிடுவது. நான்கு வயதில் பாட்டி ஊட்டிவிடுவது நமக்கு அன்பு. பயிற்சியாளரின் அறிக்கையில் அது ‘முழு உடல்வழித் தூண்டல்’ என்று வரும். பாட்டிக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்கும், தேவையில்லாமல். கையால் சாப்பிடுவதையே எடுத்துச் சிறு சிறு படிகளாக உடைத்துப் பாருங்கள். கை கழுவுவது, சோற்றில் பருப்பைப் பிசைவது, ஒரு வாய்க்கு ஒதுக்குவது, விரல்களால் கூட்டி எடுப்பது, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது. இதைச் செயல் பகுப்பு என்பார்கள். இப்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். பாட்டி வழக்கம்போல் பிசைந்து, உருட்டி, கவினின் விரல்களில் வைத்து, அவன் கையை வாய்க்கருகே கொண்டுபோகிறார். கடைசித் தள்ளல் மட்டும் அவனுடையது. உடனே வாயில் சோறு, அதைவிட நல்ல வலுவூட்டல் வேண்டுமா? சில நாளில் பாட்டியின் கை அவன் மணிக்கட்டில் மட்டும், அப்புறம் முழங்கையில், அப்புறம் தட்டை நோக்கி ஒரு விரல் மட்டும் காட்டும். அதற்குப் பிறகு உருட்டுவதும் அவன் பொறுப்பு. இதற்குப் பின்னோக்கிய சங்கிலி என்று பெயர். தூண்டலை இப்படிப் படிப்படியாக விலக்குவதைத் தேய்த்தல் எனலாம். விலக்க மறந்தால் குழந்தை கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். ‘பிராம்ட் டிபெண்டன்ட்’ என்று அறிக்கை சொல்வது அதைத்தான். ஊட்டுவதைப் பாட்டி விட்டுவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி நான்கு வாய் அவனுக்கு என்று தொடங்கினால் போதும்.

இன்னொரு முறை, செய்யத் தெரிந்ததிலிருந்து வேண்டியதை நோக்கி நகர்த்துவது. ‘த’ என்று ஒலித்தாலே தண்ணீர் கொடுத்து, பிறகு ‘தண்’ வந்தால்தான், பிறகு ‘தண்ணி’ வந்தால்தான் என்று எல்லையை மெல்ல உயர்த்துவது. உருவாக்கல் என்று இதைச் சொல்லலாம்.

தண்ணி என்றதும் சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. படத்தைக் காட்டினால் பிள்ளை ‘வாட்டர்’ என்று சொல்கிறது, அறிக்கையில் சரி போட்டாகிவிட்டது. வீட்டில் தாகத்தோடு பாட்டியின் சேலையைப் பிடித்து இழுத்து அழுகிறது. இதில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. ஸ்கின்னர் 1957இல் மொழியை அதன் பயனை வைத்துப் பிரித்தார். ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்வது வேறு, அது வேண்டும் என்று கேட்பது வேறு. ஒன்று வந்தால் மற்றது தானாக வந்துவிடாது. படத்துக்குப் பெயர் சொல்லக் கற்ற குழந்தைக்குக் கேட்கக் கற்றுத்தரவில்லை. இரண்டாவது, பயிற்சி அறையின் மேசை, ஒரே ஆசிரியர், ஒரே படம், ஒரே மொழி. அங்கே கற்றது வீட்டுச் சமையலறைக்குப் பயணப்படவில்லை. பொதுமைப்படுத்தல் நடக்கவில்லை என்பார்கள். 1968இன் மூன்றாவது நிபந்தனை, கற்றது பயிற்சி அறைக்கு வெளியேயும் நிலைக்க வேண்டும் என்பது, இங்கே தோற்கிறது.

இதற்காகத் தமிழை விட்டுவிடுங்கள், பிள்ளை குழம்பும் என்ற அறிவுரை பல பெற்றோருக்குக் கிடைக்கிறது. இரு மொழிச் சூழல் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளின் பேச்சைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை. அதே சமயம் தமிழ் மட்டும் பேசுகிற பாட்டியோடு பேசும் வாய்ப்பைப் பறித்தால் இழப்பு நிச்சயம். அவனைக் கட்டிக்கொள்கிறவர்களில், ஊட்டுகிறவர்களில், அவனுக்காகக் காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் தமிழில்தான் காத்திருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: வீட்டில் புழங்கும் முக்கியமான சொற்களை, ‘தா’, ‘தண்ணி’, ‘போதும்’, ‘வேணாம்’, ‘தூக்கு’, பாட்டியின் குரலில் பதிவு செய்து பயிற்சியாளரிடம் முதல் வாரமே கொடுங்கள். நல்ல பயிற்சியாளர் அவற்றைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார். பணிப்பெண் இந்தோனேசியரோ மியன்மார்க்காரரோ ஆக இருந்தால் அவருக்கும் அதே சொற்கள் தெரிந்திருக்கட்டும்.

அளவெடுப்பது இந்தத் துறையின் உயிர்நாடி என்பதால் ஒரு வரி. பயிற்சி தொடங்கும் முன் எடுக்கும் கணக்கு அடிநிலை. அது இல்லாமல் ‘முன்னேற்றம்’ என்று யார் சொன்னாலும் எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

இனி சர்ச்சை. ஏபிஏயை மதியிறுக்கத்தோடு ஒட்டவைத்தது கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு. வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 சிறு பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் ஆண்டை முடித்து, நுண்ணறிவுச் சோதனையிலும் சராசரி அளவை எட்டினார்கள் என்றது அது. உலகமெங்கும் பெற்றோர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதும் அந்த எண்ணோடு சேர்ந்து பயணிக்கவில்லை. இன்று பெரும்பாலான நிலையங்களில் அப்படிப்பட்ட தண்டனை கிடையாது. மின்னதிர்ச்சி தரும் முறையைத் தாம் எதிர்ப்பதாக நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் உலகளாவிய சங்கமே 2022இல் அறிவித்தது. 2022இல்! அது நாம் வருத்தப்பட வேண்டிய தாமதம்.

ஆழமான விமர்சனம் வேறு இடத்திலிருந்து வருகிறது. சிறுவயதில் இந்தப் பயிற்சிக்குள் போய்வந்த, இன்று பெரியவர்களாகிவிட்ட மதியிறுக்கம் உடையவர்கள் சொல்கிறார்கள்: கையை உதறக்கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும், ஆடாமல் உட்கார வேண்டும் என்று மணிக்கணக்காகப் பழக்கினார்கள், எங்களுக்கு அதனால் கிடைத்தது மற்றவர்களைப் போல நடிக்கும் களைப்பு. இதைப் பெற்றோர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வியாழக்கிழமை மின்விசிறி அடியில் கவின் எழுப்பிய ஒலியை நினைத்துப் பாருங்கள். அது யாரையும் காயப்படுத்தவில்லை. அதை நிறுத்துவது யாருடைய வாழ்க்கைக்கு முக்கியம்? 1968இன் முதல் நிபந்தனையை நேர்மையாகக் கடைப்பிடித்திருந்தால் அந்த விமர்சனத்தில் பாதிக்கு இடமே இருந்திருக்காது. கருவி பலமானது. எதன்மேல் வைக்கிறோம் என்பதை அந்தக் கருவி சொல்லாது.

சிங்கப்பூரில் இப்போது என்ன கேட்கலாம்? எய்பிக் நிலையங்களில் பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, விளையாட்டு எல்லாம் கலந்தே நடக்கும். அவற்றுள் நடத்தைப் பகுப்பாய்வின் முறைகளும் இருக்கும், பெயர் சொல்லாமலே. 2019இலிருந்து மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உடைய பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி பொருந்துகிறது, ஆகவே ஏழு வயதில் பாதை முடிந்துவிடாது. இப்போதே எல்லாவற்றையும் திணிக்க வேண்டும் என்ற பயத்தில் கடன் வாங்கி மணிக்கணக்கை ஏற்றாதீர்கள். தனியார் நிலையத்துக்குப் போவதானால் தகுதியைக் கேளுங்கள். நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியம் 2023இலிருந்து பெரும்பாலான வெளிநாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை, எனவே இங்கே புதிதாக வருபவர்களிடம் வேறு அமைப்புகளின் சான்றிதழ்களைப் பார்ப்பீர்கள். சுவரில் மாட்டியிருப்பதைவிட, பிள்ளையோடு உட்காரும் இளம் பயிற்சியாளரை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார் என்பது முக்கியம். இந்த நடத்தைக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். நானோ பாட்டியோ உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் வேறு இடம் தேடுங்கள்.

அப்புறம் ஒன்று. பிள்ளை வேண்டாம் என்று காட்டினால், தலையைத் திருப்பினால், எழுந்து போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். ‘தொடர்ந்து செய்ய வைப்போம், பழகிவிடும்’ என்று ஒருவர் சொல்வார். ‘நிறுத்துவோம், ஏன் என்று பார்ப்போம், வேணாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி கற்றுக்கொடுப்போம்’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாமவரிடம் சேர்த்துவிடுங்கள், கட்டணமும் தூரமும் ஒத்துவந்தால்.